அட்வான்ஸ் கட்டியாச்சு, குட்டி வரலை: பணத்தை எப்படித் திரும்ப வாங்குவது?

கேள்வி: இன்ஸ்டாகிராமில் பார்த்து பெங்களூரில் ஒரு பிரீடரிடம் லாப்ரடார் குட்டிக்குச் சொல்லிவைத்தேன். விலை 22,000 ரூபாய். மார்ச் 3 அன்று 10,000 ரூபாய் முன்பணம் யூபிஐயில் அனுப்பினேன். அப்போது குட்டிக்கு 45 நாள் என்றார்கள். மார்ச் 17க்குள் மதுரைக்கு வந்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் எழுதிக் கொடுத்தார்கள். இன்று ஏப்ரல் 14. தினமும் ஒரு காரணம். பணத்தைக் கேட்டால் "அட்வான்ஸ் ரீஃபண்ட் கிடையாது" என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்:

செல்போன் கவர் தாமதமாவதும் உயிருள்ள குட்டி தாமதமாவதும் ஒன்றல்ல. குட்டி விஷயத்தில் சில தாமதங்கள் உங்களுக்கே நல்லது. அதனால் எத்தனை நாள் ஆயிற்று என்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். தாமதத்துக்குச் சொல்லும் காரணம் குட்டியின் வயதோடு பொருந்துகிறதா, தாமதத்தோடு சேர்த்துப் புதிதாகப் பணம் கேட்கிறார்களா என்ற இரண்டையும் பாருங்கள். உங்கள் அடுத்த வேலை நுகர்வோர் ஆணையமா, சைபர் போலீஸா என்பது இதில்தான் தெரியும்.

வயதுக் கணக்கிலிருந்து தொடங்கலாம். நாய் வளர்ப்பு, விற்பனைக்கான 2017 மத்திய அரசு விதிகளின்படி 8 வாரம், அதாவது 56 நாள் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. நம் ஊரில் '45 நாள் குட்டி ரெடி' என்று விளம்பரமே போடுகிறார்கள். 45 நாள் என்றால் ஆறரை வாரம்கூட நிறையவில்லை. தாயிடமிருந்து அவ்வளவு சீக்கிரம் பிரித்த குட்டிக்குப் பயணத்தைத் தாங்கும் தெம்பு குறைவு. ஆகவே 45 நாளில் தருவதாகச் சொன்னவர் "தடுப்பூசி போட்டு, பத்து நாள் கழித்து அனுப்புகிறேன்" என்றால் அவரைத் திட்ட வேண்டாம். ஒரே ஈத்தில் ஒரு குட்டிக்கு வயிற்றுப்போக்கு வந்தால் எல்லாக் குட்டிகளையும் ஒரு வாரம் பத்து நாள் நிறுத்திவைப்பதும் முறைதான். ஏப்ரல், மே வெயிலில் பக் போன்ற சப்பை மூக்கு நாய்களை ஏற்ற மாட்டேன் என்பவர் விவரம் தெரிந்தவர்.

உங்கள் கணக்கு இதில் எதிலும் அடங்கவில்லை. மார்ச் 3இல் 45 நாள் என்றால் இன்று 87 நாள், பன்னிரண்டு வாரத்துக்கு மேல். பன்னிரண்டு வார லாப்ரடார் ஏறக்குறைய 10 கிலோ இருக்கும். ஒரு கையில் தூக்கிப் போட்டோ எடுக்க முடியாது. தடுப்பூசி அட்டையில் இதற்குள் இரண்டு ஸ்டிக்கராவது ஒட்டியிருக்க வேண்டும். இன்றைக்கும் உள்ளங்கையில் அடங்குகிற குட்டியின் படம்தான் வருகிறது என்றால், இரண்டில் ஒன்றுதான் நடந்திருக்கும். முழுப்பணம் கொடுத்த வேறொருவருக்கு உங்கள் குட்டியை விற்றுவிட்டு அடுத்த ஈத்துக்குக் காத்திருக்கிறார்கள். அல்லது குட்டியே கிடையாது.

முதலாவது, நினைப்பதைவிடச் சாதாரணமாக நடப்பது. மூன்று மாதக் குட்டி நாளைக்கு மூன்று வேளை தின்னும், விலையும் இறங்கும். அதைச் சும்மா வைத்திருக்க எந்த பிரீடருக்கும் ஆசையில்லை. அடுத்த ஈத்து என்றால், நாயின் கர்ப்பகாலம் 63 நாள், அதற்கு மேல் 56 நாள். இனிமேல்தான் இணை சேர்க்கப் போகிறார்கள் என்றால் நான்கு மாதம். இதை வெளிப்படையாகச் சொல்லி, உங்களுக்கும் சம்மதம் என்றால் காத்திருக்கலாம். மறைத்து "நாளைக்கு, நாளான்னைக்கு" என்று இழுப்பவரிடம் காத்திருக்கக் காரணமில்லை.

எது என்று கண்டுபிடிக்க இன்றைக்கே ஒரு செய்தி அனுப்புங்கள்: "ஞாயிற்றுக்கிழமை நானே நேரில் வந்து எடுத்துக்கொள்கிறேன், முகவரி அனுப்புங்கள்." குட்டியை வைத்திருப்பவருக்கு இதைவிட நிம்மதியான செய்தி கிடையாது, அனுப்பும் செலவும் பொறுப்பும் போயிற்று. குட்டி இல்லாதவர் "வெளியாட்களை உள்ளே விடுவதில்லை", "பண்ணை ஊருக்கு வெளியே இருக்கிறது" என்று நெளிவார். இன்னொரு லாபமும் உண்டு. பின்னால் புகார் எழுத எதிர்த்தரப்பின் முழுப் பெயரும் முகவரியும் வேண்டும். இன்ஸ்டாகிராம் பெயரை வைத்து யாருக்கும் நோட்டீஸ் அனுப்ப முடியாது. பெரும்பாலானவர்களின் புகார் இந்த இடத்தில்தான் நின்றுபோகிறது. முகவரி வரவில்லை என்றால், யூபிஐயில் காட்டிய வங்கிக் கணக்குப் பெயர், போன் எண், அவர்கள் போட்ட பில், மாநில விலங்கு நல வாரியப் பதிவு எண் எது இருந்தாலும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள். கணக்கை அழித்துவிட்டுப் போனால் எதுவும் மிஞ்சாது. வாட்ஸ்அப் உரையாடலை 'எக்ஸ்போர்ட் சாட்' கொடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பிவையுங்கள்.

கூடவே நேரலை வீடியோ கால் கேளுங்கள். பதிவு செய்த வீடியோ வேண்டாம். அழைப்பு ஓடும்போதே ஒரு தாளில் உங்கள் பெயரை எழுதிக் குட்டியின் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். அவர்கள் முன்பு அனுப்பிய படங்களை கூகுள் லென்ஸில் போட்டுப் பார்த்தால், அதே குட்டி வேறு ஊரில் வேறு விலைக்கு நிற்பது பல சமயம் அகப்படும்.

இனி பணம் கேட்கும் தாமதம். இதன் வரிசை கிட்டத்தட்ட எப்போதும் ஒன்றுதான். "குட்டி கிளம்பிவிட்டது" என்று செய்தி வரும். அடுத்து டிரான்ஸ்போர்ட் கம்பெனி என்று ஒருவர் கூப்பிட்டு, ஏசி கூண்டுக்கு ஒரு தொகை கட்ட வேண்டும், டெலிவரியில் திரும்பக் கிடைக்கும் என்பார். பிறகு இன்ஷூரன்ஸ். பிறகு விமான நிலையத்தில் சான்றிதழ் பிரச்சினை. கடைசியில் "குட்டி கூண்டிலேயே கிடக்கிறது, பணம் கட்டாவிட்டால் உங்கள் மேல் மிருகவதை வழக்கு" என்று மிரட்டல். ஒவ்வொரு தொகையும் 'திரும்பக் கிடைக்கும்' என்ற சொல்லோடுதான் வரும். உண்மையான போக்குவரத்தில் கூண்டுக்கும் மருத்துவச் சான்றுக்கும் அனுப்புபவர்தான் முன்கூட்டியே ஏற்பாடு செய்வார். நடுவழியில் வாங்குபவரிடம் வசூலிக்க மாட்டார்கள். முதல் தொகை கேட்ட இடத்திலேயே நிறுத்துங்கள். ஏற்கெனவே கட்டியதைக் காப்பாற்ற மேலும் கட்டுவதுதான் 10,000 ரூபாய் நஷ்டம் 60,000 ஆகும் வழி.

விமானத்தில் அனுப்பியதாகச் சொன்னால் ஏர்வே பில் (விமானச் சரக்கு ரசீது) எண்ணைக் கேளுங்கள். அது மொத்தம் 11 இலக்கம். முதல் மூன்று விமான நிறுவனத்தின் குறி: ஏர் இந்தியா 098, இண்டிகோ 312. மீதி எட்டில் கடைசி இலக்கம் ஒரு சரிபார்ப்பு எண். அதற்கு முந்தைய ஏழு இலக்க எண்ணை 7ஆல் வகுத்தால் வரும் மீதி அதுவாக இருக்க வேண்டும். உதாரணமாக 098-12345675 என்ற எண்ணில் 1234567ஐ 7ஆல் வகுத்தால் மீதி 5. கடைசி இலக்கமும் 5, சரி. 7ஆல் வகுத்தால் மீதி 6க்கு மேல் போகாது, ஆகவே 7, 8, 9இல் முடியும் ஏர்வே பில் எண் எதுவாக இருந்தாலும் போலி. கணக்குச் சரியாக வந்தாலும் விமான நிறுவனத்தின் சொந்த கார்கோ தளத்தில் எண்ணைப் போட்டுப் பாருங்கள். அவர்கள் அனுப்பிய 'டிராக்கிங் லிங்க்'கைத் தொடவே வேண்டாம், அந்தத் தளத்தை உருவாக்கியதும் அவர்கள்தான். ரயில் என்றால் பார்சல் ஆபீஸ் ரசீது இருக்கும். ஆம்னி பஸ் டிக்கியில் போட்டு அனுப்புகிறேன் என்றால் நீங்களே வேண்டாம் என்று சொல்லுங்கள். காற்றோட்டம் இல்லாத டிக்கியில் கோடைக்கால இரவு குட்டிக்கு ஆகாது.

இப்போது பணத்துக்கு வருவோம்.

"எப்போ அனுப்புவீங்க?" என்று கேட்பதை நிறுத்துங்கள். நீங்கள் கேட்கக் கேட்க, தாமதத்துக்கு நீங்களும் ஒத்துக்கொண்டதாக அவர்கள் வாதிட வழி கிடைக்கிறது. ஆர்டரை எழுத்தில் ரத்து செய்ய வேண்டும், கெடு தேதி கொடுக்க வேண்டும். இந்த அளவு போதும்:

"மார்ச் 3 அன்று லாப்ரடார் ஆண் குட்டி ஒன்றுக்கு ரூ.10,000 முன்பணம் செலுத்தினேன் (பரிவர்த்தனைக் குறிப்பு எண்ணான யூடிஆர் இத்துடன்). மார்ச் 17க்குள் மதுரையில் ஒப்படைப்பதாக வாட்ஸ்அப்பில் ஒப்புக்கொண்டீர்கள். இன்றுவரை ஒப்படைக்கவில்லை. இந்தத் தாமதத்தின் காரணமாக ஆர்டரை ரத்து செய்கிறேன். ஏப்ரல் 21 மாலை 6 மணிக்குள், பணம் வந்த அதே கணக்குக்கு முழுத் தொகையையும் திருப்பி அனுப்பவும். தவறினால் நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்வேன்."

திட்டு வேண்டாம், குடும்பக் கதை வேண்டாம், 'ரிவ்யூ போட்டு நாறடிப்பேன்' என்ற மிரட்டலும் வேண்டாம். நாளை இதைப் படிக்கப்போவது ஆணையத்தில் உட்கார்ந்திருப்பவர். வாட்ஸ்அப், மின்னஞ்சல் இரண்டிலும் அனுப்புங்கள். முகவரி கிடைத்திருந்தால் ஸ்பீடு போஸ்ட்டில், ஒப்புகையோடு அனுப்புங்கள். 'அதே கணக்குக்கு' என்ற வார்த்தையை விடாதீர்கள், காரணம் கீழே.

"அட்வான்ஸ் திரும்பாது" என்பதைக் கேட்டுப் பலர் அடங்கிவிடுகிறார்கள். அந்த வாசகம் நீங்கள் மனம் மாறினால் பேசலாம். அப்போதும் அவருக்கு உண்மையில் ஆன செலவைப் பிடித்துக்கொள்வதுதான் நியாயம். சொன்ன தேதியில் ஒப்படைக்கத் தவறியது அவர். தன் தவறுக்குத் தானே அபராதம் வசூலிக்க ஒப்பந்தம் இடம் தராது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்று தனியாகவே வரையறுத்திருக்கிறது. 2020 மின்வணிக விதிகள் இன்னும் நேரடியானவை: சொன்ன கால அட்டவணைக்குத் தாமதமாக வந்தால் பணத்தைத் திருப்ப மறுக்கக் கூடாது, வெள்ளம் போன்ற கைமீறிய காரணம் இருந்தாலொழிய. தளம் மூலம் வாங்கியிருந்தால் அங்கே குறைதீர் அதிகாரி இருக்க வேண்டும். 48 மணி நேரத்தில் புகாரை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். ஆனால் ஒரு நுணுக்கம். இந்த மின்வணிக விதிகள் தொடர்ந்து வியாபாரம் செய்பவர்களுக்குத்தான். வீட்டு நாய் ஒரே ஒரு முறை ஈன்று, ஐந்து குட்டிகளை விற்றவர் இதில் வர மாட்டார். உங்கள் ஆள் மாதாமாதம் குட்டிப் படம் போடுகிறவர் என்றால் அந்தப் பதிவுகளின் ஸ்கிரீன்ஷாட்டே ஆதாரம்.

பணம் எந்த வழியில் போனது என்பதைப் பொறுத்துத்தான் பாதி முடிவு. கிரெடிட் கார்டு என்றால் நீங்கள் பாக்கியசாலி. வங்கியில் 'பொருள் வரவில்லை' என்று சார்ஜ்பேக், அதாவது பணத்தை வங்கி மூலம் திரும்பக் கேட்கும் கோரிக்கை, போடலாம். விசா, மாஸ்டர்கார்டில் பொதுவாக ஒப்படைக்க வேண்டிய நாளிலிருந்து 120 நாள் வரை அவகாசம் உண்டு, ஆனாலும் முதல் மாதத்திலேயே போடுங்கள். யூபிஐ, ஐஎம்பிஎஸ் என்றால் போனது போனதுதான், வங்கி தானாகத் திருப்பாது. மோசடி என்று தெரிந்தால் சைபர் மோசடி உதவி எண் 1930க்கு உடனே கூப்பிட வேண்டும், அல்லது தேசிய சைபர் குற்றத் தளத்தில் பதிய வேண்டும். முதல் சில மணி நேரத்தில் சொன்னால் எதிர்க் கணக்கில் பணத்தை முடக்க வாய்ப்பு இருக்கிறது. ஆறு வாரம் கழித்து அந்தக் கணக்கில் பணம் இருக்காது. ஆனாலும் புகார் எண் வேண்டும். அதே கணக்கின் மேல் வேறு புகார்களும் இருந்தால் வழக்கு கனமாகும். பாரதிய நியாய சம்ஹிதையில் ஏமாற்றுதலுக்கான பிரிவு 318.

ரீஃபண்ட் கேட்கத் தொடங்கியதும் இரண்டாவது கொள்ளைக்கு ஆள் வருவார். "ரீஃபண்ட் அனுப்புகிறோம், இந்தக் கியூஆரை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க" என்பார். பணம் வாங்க யூபிஐ பின் தேவையே இல்லை. பின் போட்டால் பணம் வெளியேதான் போகும். "உங்கள் கணக்கில் வரவு ஆகவில்லை, வேறு கணக்கு எண் கொடுங்கள், ஒரு ஆப் இறக்குங்கள்" என்பதும் இதே வகை. அதற்காகத்தான் 'அதே கணக்குக்கு' என்று எழுதச் சொன்னேன். "அனுப்பியாச்சு" என்று ஸ்கிரீன்ஷாட் வந்தால் நம்ப வேண்டாம். யூபிஐ என்றால் 12 இலக்க யூடிஆர் எண்ணைக் கேட்டு வங்கி ஸ்டேட்மென்ட்டோடு ஒப்பிடுங்கள். கார்டு என்றால் ரீஃபண்டுக்கான குறிப்பு எண்ணான ஏஆர்என்னை வாங்கி உங்கள் வங்கியில் கொடுங்கள்.

கெடு தாண்டினால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். இது நீதிமன்றம் அல்ல, இரு தரப்புக்கும் இடையே பேசிப் பார்க்கும் ஏற்பாடு. பெரிய தளங்களிடம் நன்றாக வேலை செய்யும். தனி பிரீடரிடம் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். அதற்கடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. விற்றவர் பெங்களூரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மதுரையிலேயே போடலாம், இதுதான் 2019 சட்டம் தந்த பெரிய வசதி. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். முன்பணம், வட்டி, அலைச்சலுக்கு நஷ்டஈடு மூன்றையும் தனித்தனித் தொகையாக எழுதுங்கள். "தக்க இழப்பீடு" என்று பொதுவாக எழுதினால் பொதுவாகத்தான் கிடைக்கும். நோட்டீஸ் போனதும் பல பிரீடர்கள் சமாதானத்துக்கு வந்துவிடுவார்கள். பணம் கணக்கில் ஏறிய பிறகுதான் புகாரை வாபஸ் வாங்க வேண்டும்.

பச்சைக்கிளி, நட்சத்திர ஆமை போன்றவற்றுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு இதே கேள்வியைக் கேட்பவர்களுக்கு ஒரு வரி: அவற்றை வாங்குவதே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ரீஃபண்ட் புகார் எழுதினால் அது உங்கள் ஒப்புதல் வாக்குமூலம்.

கெடு கொடுத்ததும் திடீரென்று குட்டியைக் கொண்டுவந்து நிறுத்துவதும் உண்டு. ரத்து செய்த பிறகு வாங்கிக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. வாங்குவது என்று முடிவெடுத்தால், கூண்டு திறப்பதிலிருந்து வெட்டு இல்லாத வீடியோ எடுங்கள். 24 மணி நேரத்தில் கால்நடை மருத்துவரிடம் காட்டி, மைக்ரோசிப்பை ஸ்கேன் செய்து, 15 இலக்க எண் அட்டையில் உள்ளதோடு பொருந்துகிறதா பாருங்கள். தடுப்பூசி ஸ்டிக்கரில் பேட்ச் எண், பக்கத்தில் டாக்டரின் பதிவு எண்ணோடு முத்திரை இருக்க வேண்டும். மீதி 12,000 ரூபாய் இதெல்லாம் முடிந்த பிறகுதான். "கேசிஐ பேப்பர் (இந்திய கென்னல் கிளப் தரும் வம்சாவளிச் சான்று) பிறகு வரும்" என்றால் அதற்கென்று ஒரு தொகையை நிறுத்திவையுங்கள். பிறகு வரும் பேப்பர் பெரும்பாலும் வராது.

'48 மணி நேர ஹெல்த் கேரண்டி' என்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். குட்டிகளைக் கொல்லும் கழிச்சல் நோயான பார்வோவின் வைரஸ் உடம்பில் புகுந்து வெளியே தெரிய பொதுவாக 3 முதல் 7 நாள், சிலவற்றில் இரண்டு வாரம். அங்கே ஒட்டியது இங்கே நான்காம் நாள் இரத்தக் கழிச்சலாக வரும்போது கேரண்டி முடிந்திருக்கும். குறைந்தது 14 நாள் என்று எழுதி வாங்க வேண்டும். நோய் வந்தால் மலத்தில் எடுக்கும் கிட் சோதனையின் முடிவை, சிப் எண் குறிப்பிட்டு டாக்டரின் கடிதத்தாளில் வாங்குங்கள். குட்டி இறந்துவிட்டால் உடலை ஐஸ் பெட்டியில் குளிர்ச்சியாக வைத்து, அரசு கால்நடை மருத்துவமனையிலோ கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ பிரேதப் பரிசோதனை கேளுங்கள். ஃப்ரீசரில் வைத்தால் திசு சிதைந்துவிடும், அறிக்கை பயன்படாது.

அப்போது பிரீடர் "வேறு குட்டி தருகிறேன்" என்பார். ஒத்துக்கொள்ளாதீர்கள், பணத்தையே கேளுங்கள். பார்வோ உங்கள் வீட்டுத் தரையிலும் மண்ணிலும் மாதக் கணக்கில் உயிரோடு இருக்கும். தடுப்பூசி முடியாத அடுத்த குட்டியும் அதே வாசலில் வந்து விழும். 5 சதவீத ஹைப்போகுளோரைட் (ப்ளீச்) திரவம் 1 பங்குக்குத் தண்ணீர் 30 பங்கு கலந்து, தரையை முதலில் சோப்பால் கழுவிவிட்டு, 10 நிமிடம் ஊறவிட வேண்டும். மண் தரைக்கு அது செல்லாது.

கடைசியாக மீன். சென்னை கொளத்தூரிலிருந்து ஆன்லைனில் அலங்கார மீன் வாங்குபவர்கள் இதே ரீஃபண்ட் கேள்வியோடு வருகிறார்கள், அங்கே கணக்கு மணி நேரத்தில் ஓடும். பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி ஆக்சிஜன், தெர்மோகோல் பெட்டி, ஒரு நாளாவது பட்டினி போட்ட மீன்; இப்படிப் பேக் செய்தது சுமார் 48 மணி நேரம் தாங்கும். வெள்ளிக்கிழமை அனுப்பினால் ஞாயிறு கூரியர் கிடங்கில் கிடக்கும், ஆகவே திங்கள், செவ்வாயில் அனுப்பச் சொல்லுங்கள். தாமதமாக வந்த பையை அவசரத்தில் கிழித்து, தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஊற்றி ஒரு மணி நேரம் பழக்கப்படுத்துவது இங்கே எதிர்விளைவு தரும். மூடிய பையில் கரியமில வாயு சேர்ந்து தண்ணீர் புளித்திருக்கும், அதனால் கழிவு அம்மோனியா நஞ்சு குறைந்த வடிவத்தில் இருக்கும். திறந்ததும் வாயு வெளியேறி, பிஎச் ஏறி, அது முழு நஞ்சாக மாறிவிடும். மூடிய பையை 15, 20 நிமிடம் மிதக்கவிட்டு, திறந்ததும் வலையில் எடுத்துத் தொட்டியில் விடுங்கள், பைத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். இறந்த மீன் இருந்தால் பையைத் திறக்காமலே, கூரியர் லேபிளும் தெரியும்படி வீடியோ எடுத்து, டெலிவரி ஆன இரண்டு மணி நேரத்துக்குள் அனுப்புங்கள். பல விற்பனையாளர்கள் வைக்கும் கெடு அவ்வளவுதான். திறந்த பிறகு எடுத்த படத்தைக் காட்டினால் 'உங்கள் தொட்டித் தண்ணீர் சரியில்லை' என்று முடித்துவிடுவார்கள். இழப்பீடு பெரும்பாலும் மீன் விலைக்கு மட்டும்தான், கூரியர் கட்டணம் அதில் வராது; ஆர்டர் போடும் முன்பே அதைக் கேட்டுவிடுங்கள்.